பேணியில் ஒரு ரோசாக் கன்று

இரவல் காணியில் பூமரம் எதற்கு என்று நினைக்கலாம். பேணியில் வளர்த்தால், ஊர் திரும்பும் நாளில் அதுவும் கூடவே வரும்.

எதைத் தெரிவு செய்வது? மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த ஒட்டுக்கன்று எங்கள் வெயிலில் வாடக்கூடும். அயல் வளவில் கோடையிலும் பூக்கும் மணமுள்ள ரோசாவே நல்லது. விட்டுவந்த வளவில் நின்ற ரோசாவின் கன்று உறவினரிடம் இருந்தால், முதலில் அதில் ஒரு தடி கேளுங்கள்.

பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனான 6 அங்குலத் தடியை, கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டுங்கள். மேலிலைகள் இரண்டை விட்டு ஏனையவற்றை அகற்றுங்கள். அடியில் துளையிட்ட பால்மாப் பேணியில் மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் நிரப்பி, இரண்டு கணு புதைய நடுங்கள். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். ஏறக்குறைய 6 வாரத்தில் வேர்விடும். பின்பு காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.