எழில் மொழியில் வீட்டுக் கணக்கு

மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானா பக்கம் பிள்ளை வைத்திருக்கும் பல வீடுகளில் இப்போது ஒரு மடிக்கணினி இருக்கிறது. அதில் எழிலை ஏற்றிவிடுங்கள், காசு கிடையாது. முத்து அண்ணாமலை உருவாக்கி 2013-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட தமிழ் நிரல்மொழி அது. பிள்ளைக்குப் பாடம் ஆச்சு, நமக்கு வீட்டுக் கணக்கும் ஆச்சு.

1. பெருக்கலுக்கு x எழுத்தைத் தட்டாதீர்கள். ஷிஃப்டோடு 8-ஐத் தட்டினால் வரும் * தான் பெருக்கல். வகுத்தலுக்கு / போதும். 'பதிப்பி 12 * 4' என்று எழுதி ஓட்டினால் 48 வந்து நிற்கும்.

2. ரப்பர் ஒட்டுப்பால் விலை அடிக்கடி மாறும். 'விலை = 3', 'எடை = 40' என்று பெயர் வைத்து, 'பதிப்பி விலை * எடை' என்று ஒரு தடவை எழுதிச் சேமியுங்கள். அடுத்த முறை எண்ணை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

3. அடைப்புக்குறியில் கஞ்சத்தனம் வேண்டாம். ரொட்டி சானாய் 2 வெள்ளி, தே தாரேக் 3 வெள்ளி, ஆள் நாலு பேர்: '2 + 3 * 4' என்றால் பெருக்கல் முந்திக்கொண்டு 14 காட்டும். '(2 + 3) * 4' என்றால்தான் சரியான 20. இல்லாவிட்டால் கடைக்காரருக்கு 6 வெள்ளி நட்டம்.

4. % என்பது இங்கே விழுக்காடு இல்லை, வகுத்தபின் வரும் மீதி. 80 வெள்ளிச் சட்டைக்கு 20 விழுக்காடு கழிவு என்றால் '80 * 20 / 100' என்று எழுதுங்கள், 16 வரும். '80 % 20' என்றால் பூஜ்யம்தான்!

5. அதே மீதி தீபாவளிக்குக் கை கொடுக்கும். 100 முறுக்கை டஜன் டஜனாகப் பொட்டலம் கட்டினால் '100 % 12', நாலு மிச்சம். அது பிள்ளைகளுக்கு.

6. மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கமாகக் கட்டும்போது மொத்தத் தொகையை 5 காசுக் கணக்கில் சரிக்கட்டுகிறார்கள் அல்லவா? 12 வெள்ளி 37 காசை 1237 என்று முழுக் காசாக எழுதி '1237 % 5' போடுங்கள். மீதி 1, 2 என்றால் அதைக் கழியுங்கள், 12.35 கொடுத்தால் போதும். மீதி 3, 4 என்றால் அடுத்த 5-க்கு ஏறும்.

7. பணத்தை எப்போதும் காசிலேயே கணக்குப் போட்டு, கடைசியில் 100-ஆல் வகுங்கள். தசமப் புள்ளியோடு கூட்டினால் கணினி சில நேரம் வால் நீட்டும்: எழிலுக்கு அடித்தளமான பைத்தான் நிரல்மொழியில் '0.1 + 0.2' தட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று நிற்கும்.

8. மலாக்கா டவுனுக்குப் போக வர சுமார் 60 கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு 12 ஓடும் என்றால் '60 / 12', 5 லிட்டர். பசாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில் போய்வந்தால் அந்த 5 லிட்டர் மிச்சம்.

9. எழில் பைத்தான்மேல் ஓடுவதால் + - * / % எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பிள்ளை நாளைக்குப் பைத்தானுக்கு மாறினாலும் இந்தக் குறிகளை மறுபடி படிக்க வேண்டாம்.