பட்டறையின் பழைய ஆயில் யார் பொறுப்பு?



வெளிநாட்டில் இருந்து திரும்பி லாரி பட்டறை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கடிதத்தோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். "அபாயகரமான கழிவு என்பது சிமென்ட் ஆலைக்காரர்கள் விஷயம், எனக்கு ஏன் கடிதம்?" என்று கேட்டார். சுண்ணாம்புக்கல் லாரிகளையும் நெடுஞ்சாலையையும் நம்பிப் பட்டறை, லேத், பழைய இரும்புக் கடை நடத்தும் குடும்பங்கள் நம் இரு மாவட்டங்களிலும் ஏராளம். அதனால் அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

மத்திய அரசு 2016-இல் கொண்டுவந்த அபாயகரமான கழிவு விதிகளை நம் மாநிலத்தில் வாரியம்தான் நடைமுறைப்படுத்துகிறது. ஆலை பெரியதா சிறியதா என்று பார்த்து அதன் பட்டியல் எழுதப்படவில்லை. என்ன கழிவு என்பதுதான் கணக்கு. இன்ஜினிலிருந்து வடித்த ஆயில், ஆயில் துடைத்த பஞ்சு, ரசாயனம் வந்த காலி பேரல் எல்லாம் அதில் உள்ளன.

நம் பக்கம் பழைய ஆயிலை என்ன செய்கிறோம்? சென்ட்ரிங் பலகைக்குத் தடவ விற்கிறோம், சூளைக்கு எரிக்கக் கொடுக்கிறோம், மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். இயந்திரத்தில் தேய்ந்த உலோகத் துகள்கள் அந்த ஆயிலில் கலந்திருக்கின்றன. அனுமதி பெற்ற சிமென்ட் ஆலைகள் சில கழிவுகளைச் சூளையில் எரிப்பது உண்மைதான். அங்கே வெப்பம் 1,400 டிகிரி, புகைக்கும் கண்காணிப்பு உண்டு. செங்கல் சூளையில் இரண்டுமே இல்லை.

"விற்றுவிட்டேன், இனி வாங்கியவர் பாடு" என்ற எண்ணம்தான் பெரிய தவறு. கழிவை உண்டாக்கியவர், ஏற்றிச் சென்றவர், கையாண்டவர் ஆகிய எல்லோரையும் விதி பொறுப்பாக்குகிறது. கொடைக்கானல் சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்த இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் மூட்டை மூட்டையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 7.4 டன்! எடைக்கு வாங்கிய கடை, அதைச் சுற்றிக் குடியிருப்புகள். ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. கழிவு 2003-இல் கப்பலேறி அமெரிக்கா போனது. பழைய இரும்புக் கடை வைத்திருப்போர் இதை மறக்கவே கூடாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. படிவம் 1-இல் விண்ணப்பித்து வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். கழிவை ஒழுகாத பேரலில், சிமென்ட் தளத்தின் மேல், கூரைக்குக் கீழே, பெயரெழுதி வைக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு வரும் சிறு தொழிலுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே கொடுத்து, படிவம் 10-இன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். நாளை கேள்வி வந்தால் உங்கள் சாட்சி அந்தத் தாள்தான். ஆண்டுக் கணக்கை ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் தர வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் 2024 ஏப்ரல் முதல் அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை. பழைய பேட்டரிக்கு 2022-இல் தனி விதி வந்துவிட்டது. அதை வீட்டுப் பின்புறம் உடைத்து ஈயம் உருக்குவது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் பிடிக்க மலிவாகக் கிடைக்கிறதென்று நீல நிற பேரல் வாங்குகிறோம். அதில் முன்பு என்ன வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதாகப் போகாது. குடிக்க, சமைக்க, ஒளூச் செய்ய அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கடிதம் கொண்டுவந்த சகோதரரின் விண்ணப்பத்தை நாமே உட்கார்ந்து நிரப்பினோம். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. உதவி தேவைப்படுவோர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது இடத்தின் ஆவணம், மின்கட்டண ரசீது, மாதம் எத்தனை லிட்டர் ஆயில் வடிக்கிறீர்கள் என்ற கணக்கு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள்.