படிக்கட்டில் நழுவும் முழங்கால்

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் கால்பந்து ஆடுகையில் சட்டென்று திரும்பியபோது வலது முழங்காலில் ‘படக்’கென்று சத்தம் கேட்டது, மாலைக்குள் வீங்கிவிட்டது. இப்போது வலியில்லை. மெட்ரோ நிலையப் படிகளை நன்றாகவே ஏறுகிறேன். இறங்கும்போது, படி திரும்புமிடத்தில்தான் கால் நழுவுகிறது. பொறுத்துப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், ஸ்ரீராம்புரம், பெங்களூர்

பதில்: பொறுக்க வேண்டாம். அடிபட்ட கணத்தில் சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு திரும்புகையில் நழுவல் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், முழங்காலின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரு ஜவ்வுகளில் முன்புறத்து ஜவ்வையே வைத்தியர்கள் முதலில் சந்தேகிப்பார்கள்.

கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு நழுவாமலும் அளவு மீறி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது அந்த ஜவ்வின் காரியம். படியேறுகையில், மேற்படியில் பாதத்தை ஊன்றும் சமயம் முழங்கால் நன்றாக மடங்கியிருப்பதால், தொடையின் முன்தசை எவ்வளவு பலமாக இழுத்தாலும் அவ்வெலும்பு முன்னுக்கு வருவதில்லை. கால் ஏறக்குறைய நேராகும் தறுவாயில்தான் அதே இழுப்பு ஜவ்வைச் சோதிக்கிறது. இந்த ஜவ்வை இழந்தவர்களில் பலர், சமதரையில் நடக்கும்போது தம்மையறியாமலே முன்தசையின் உபயோகத்தைத் தவிர்ப்பதையும், படிக்கட்டில் அவ்வளவு மாறுதல் தோன்றாததையும் அமெரிக்காவில் ஆண்ட்ரியாக்கி முதலானோர் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. ஆகவே நீங்கள் படியேறும் அழகை நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்வதற்கில்லை. உபயோகிக்காத தசை மெலியும்; ஒரு நாடாவை எடுத்து இரு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். வலது தொடை சிறுத்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இறங்குவதோ வேறு விஷயம். மடங்கிக்கொண்டே போகும் ஒற்றைக் காலின்மேல் சரீரத்தின் பாரம் முழுவதும் அமர, படி திரும்புமிடத்தில் ஊன்றிய பாதம் அசையாதிருக்க, உடல் மட்டும் சுழல்கிறது; அச்சுழற்சியைத் தடுக்க வேண்டிய ஜவ்வு அங்கே இல்லை.

வைத்தியரைக் காணும் வரையில் கைப்பிடியைப் பற்றி, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது அடிபட்ட காலையும் முதலில் வையுங்கள்; திரும்புமிடத்தில் பாதத்தை எடுத்தெடுத்து வைத்துத் திரும்புங்கள். லிஃப்டில் போவதிலும் மானக்குறைவு இல்லை. உங்கள் பச்சைத் தடத்து ரயிலிலேயே ஜயநகருக்குச் சென்றால், சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை இருக்கிறது. எல்லோருக்கும் சஸ்திர சிகிச்சை அவசியமில்லை. பல மாதத் தேகப்பயிற்சியே சிலருக்குப் போதும். மீண்டும் கால்பந்து ஆட விரும்பினால் வைத்தியரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிகிச்சையின் தேர்வு அதைப் பொறுத்தது. இடையில் முழங்கால் நீட்டமுடியாமல் பூட்டிக்கொண்டால், கிழிந்த குருத்தெலும்பு இடுக்கில் சிக்கியிருக்கக்கூடும், அன்றைக்கே போய்விடுங்கள்.