வழியில் நின்ற பஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய பள்ளிக்கூட பஸ்ஸையோ டூரிஸ்ட் பஸ்ஸையோ வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்படியும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இப்போது நம்மிடையேயும் இருக்கிறார்கள். நல்ல ஆசை அது. ஆனால் வண்டி வழியில் மக்கர் செய்து நின்றதும், கூடுகிற ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் பாதி, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாக இருந்தவை. கார்புரேட்டர் காருக்குப் பொருந்தியதை டீசல் பஸ்ஸுக்கும், பழைய பம்ப் இன்ஜினுக்குப் பொருந்தியதைக் கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் இன்ஜினுக்கும் சொல்கிறார்கள். சொல்கிறவருக்கு நல்ல மனசுதான். கேட்டு நடப்பவர் கையைச் சுட்டுக்கொள்கிறார், சில சமயம் உயிரையே விடுகிறார்.

“வண்டி ஓடவே இல்லை, அதனால் தேயவும் இல்லை”

வாங்கும்போதும் கிளம்பும்போதும் காதில் விழும் முதல் பேச்சு இது. வீடாக மாற்றிய பஸ்ஸுக்கு உண்மையான எதிரி ஓட்டம் அல்ல, நிறுத்தி வைப்பதுதான். லைன் பஸ் தினமும் ஓடுகிறது; டிரைவர் காலையில் டயரைத் தட்டிப் பார்க்கிறார், டெப்போவில் ஆயில் பார்க்கிறார்கள். நம் பஸ் ஆறு மாதம் மரத்தடியில் நின்றுவிட்டுத் திடீரென்று ஆயிரம் கிலோமீட்டர் போகிறது. அந்த ஆறு மாதத்தில் பேட்டரி தட்டுகளில் சல்பேட் படிகிறது. டீசல் டேங்க்கில் ஈரம் சேர்ந்து அடியில் தண்ணீராக நிற்கிறது. பிரேக் வால்வுகளின் ரப்பர் காய்கிறது. காற்றுத் தொட்டிக்குள் துரு பிடிக்கிறது. டயர், நின்ற இடத்திலேயே வெடிப்பு விடுகிறது.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருக்கிறது என்று பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் புதிதாக இருந்தாலும் அந்த ரப்பருக்கு வயதாகிவிட்டது. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் வெடிக்காது என்பதும் தவறு. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது, வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றடித்துவிடுங்கள்.

“கொதிக்கிறதா? மூடியைத் திற, தண்ணீர் ஊற்று”

ரேடியேட்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர். அந்த அழுத்தத்தால்தான் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். உள்ளிருப்பது மொத்தமாகக் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். அது கல் மாதிரி விறைத்திருக்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரைச் சூடான இன்ஜினில் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

உடனே இன்ஜினை அணைக்கலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் ஒழுகியிருந்தாலோ அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். பெல்ட்டும் தண்ணீரும் சரியாக இருந்து, மேட்டில் ஏறிய சுமையால் மட்டுமே முள் ஏறியிருந்தால், ஓரம் கட்டி நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிடுவது நல்லது. ஃபேனும் வாட்டர் பம்பும் சூட்டை இறக்கும்.

‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, சூடே ஆகாது’ என்று பட்டறைகளில் இன்றும் சொல்கிறார்கள். கழற்றினால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடித் தேயும். பைபாஸ் வழி வைத்த இன்ஜின்களில் தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். அப்போது மேட்டில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். பழுதான தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியதுதான் போட வேண்டும்.

வீடாக்கிய பஸ் கொதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது மெக்கானிக்கின் கண்ணுக்குச் சட்டென்று படாது. பின்பக்க இன்ஜின் பஸ்களில் ரேடியேட்டருக்குக் காற்று பக்கவாட்டு ஜன்னல் கம்பி வழியாக வருகிறது. அங்கே அலமாரி அடித்தோ ஒட்டுப்பலகை வைத்தோ மூடிவிடுகிறார்கள். முன்பக்க இன்ஜின் என்றால் கிரில்லுக்கு முன்னால் ஸ்டெப்னியும் சைக்கிளும் தொங்குகின்றன. இன்ஜினுக்கு மேல் கட்டில் போட்டு ஆணி அறைந்தவர்களும் இருக்கிறார்கள். டீசல் ஃபில்டரை மாற்றப் பத்து நிமிடம் போதும். கட்டிலைப் பிரிக்க அரை நாள் ஆகும். தரையில் கம்பெனி வைத்த திறப்பு மூடிகளை மறைக்காமல் வீடு கட்டுவது முதல் பாடம்.

“இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம்”

இந்த ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இது கார்புரேட்டர் பெட்ரோல் காரின் காலத்துப் பேச்சு. கார்புரேட்டரில் கியரில் இறங்கினாலும் இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டீசல் இன்ஜின் அப்படி இல்லை. கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பழைய பம்பில் கவர்னரும் புதிய இன்ஜினில் கம்ப்யூட்டரும் டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலுக்குப் போனால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்தாக வேண்டும். ஆக, மிச்சம் என்பதே கிடையாது.

இழப்போ பெரிது. இன்ஜின் பிடிப்பு போய்விடும், எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது, பத்து டன் எடையைத் தாங்கும் முழுப் பொறுப்பும் பிரேக் லைனர் மேல் விழும். லைனரும் டிரம்மும் ஓரளவுக்கு மேல் சூடானால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. நியூட்ரலில் இன்ஜின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரஸர் காற்றை மெதுவாகத்தான் நிரப்பும். மிதித்து மிதித்து நாம் அதைவிட வேகமாகச் செலவழிக்கிறோம். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையே தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றிய செய்திகளில் இந்த நியூட்ரல் பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலோ இதைச் செய்பவருக்குத் தப்பிக்க இடமே கிடையாது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அது அன்றும் சரி, இன்றும் சரி. லைனர் கருகிய வாடை வந்தால், இடம் கிடைத்த உடனே நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடித்துவிடும்.

“காற்று இறங்கிவிட்டால் பிரேக்கே பிடிக்காது”

ஏர் பிரேக் பஸ்ஸைப் பற்றிய பொதுவான பயம் இது. பாதி உண்மை. இன்றைய பெரிய பஸ்களில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. அதன் பலமான சுருளைக் காற்றழுத்தம்தான் அமுக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் சுருள் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். சாதாரணமாக 7 முதல் 8 பார் வரை இருக்கும் காற்று பாதியளவுக்குக் குறைந்தால் பஸ்ஸர் அலறும். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற வண்டிகள் உண்டு. பஸ்ஸர் அடித்த பிறகு ஓட்டினால், போகிற வேகத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், அதுவும் வளைவில்.

பழைய பஸ்களில் இந்த ஏற்பாடு இல்லாமலும் இருக்கலாம். அங்கே அந்தப் பயம் முழு உண்மை. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று வாங்கிய அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ‘பத்து பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும்’ என்பார்கள். காற்று இறங்கி ஸ்பிரிங் பிரேக் பூட்டிய பஸ்ஸை நூறு பேர் தள்ளினாலும் நகராது. அப்படியே நகர்ந்தாலும், கம்ப்யூட்டர் வைத்த இன்ஜினுக்குப் பேட்டரியில் குறைந்தபட்ச வோல்ட் இல்லாவிட்டால் டீசலே பாயாது.

“24 வோல்ட்தானே, என்ன ஆகப்போகிறது?”

ஷாக் அடிக்காது, சரி. நெருப்புப் பிடிக்கும். 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பை 24 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், பேட்டரி ஒயரில் 60 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் அதைத் தாங்காது, மேல்தோல் உருகிவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இல்லாமல் ஒரு ஒயர்கூட வெளியே வரக் கூடாது.

வீடாக்கிய பஸ் காலையில் செல்ஃப் எடுக்காமல் நிற்பதற்கு ஒரு காரணத்தை நான் அடித்துச் சொல்வேன். பெரிய பஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஃபேன், போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு எல்லாம் 12 வோல்ட் என்பதால், ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று இரவெல்லாம் காய்கிறது. ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பதால், காய்ந்தது நிரம்புவதற்குள் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டும் போய்விடும். பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவோம். வீட்டுக்குத் தனிப் பேட்டரி, 24-லிருந்து 12-க்கு இறக்க ஒரு கன்வெர்ட்டர், வண்டிப் பேட்டரியிலிருந்து அதைப் பிரிக்க ஒரு ஐசொலேட்டர், இவ்வளவுதான் செலவு. நெடுஞ்சாலையில் லேலண்டுக்கும் டாடாவுக்கும் மெக்கானிக் கிடைப்பார் என்ற நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனால் உங்கள் வீட்டு ஒயரிங் அவருக்குத் தெரியாது. அதை ஒரு தாளில் வரைந்து வண்டியில் வையுங்கள்.

டீசல் விஷயத்திலும் பழைய பழக்கம் ஆபத்தாகலாம். டீசல் தீர்ந்து குழாயில் ஏர் பிடித்தால், பழைய இன்ஜினில் கைப்பம்பை அடித்து, ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுப்பார்கள். இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிப்பதும் உண்டு. காமன் ரெயில் இன்ஜினில் அந்த நட்டைத் தொடவே கூடாது. அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்க முள் குத்தியது போல இருக்கும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

நின்ற பஸ்ஸைக் கட்டி இழுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. கியரை நியூட்ரலில் போட்டால் போதும் என்று பின்சக்கரம் தரையில் உருள வெகுதூரம் இழுக்கிறார்கள். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் மேலே தெறிக்காது. வெளி ஷாஃப்ட் மட்டும் காய்ந்து சுற்றி, பேரிங் கருகும். ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.

“வண்டிதான் நிற்கிறதே, உள்ளேயே இருப்போம்”

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உள்ளே விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர் இருந்தது. அது ரயில்பெட்டி, நம்முடையது பஸ். ஆனால் நின்ற வண்டி பாதுகாப்பானது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், மேல் ஜன்னலைத் திறந்தால் போகாது. பழுது பார்க்கும் நேரத்தில் அடுப்பு எரியக் கூடாது, சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பின்னாலிருந்து வருகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டும். நின்ற பஸ்ஸை இரவில் அதன் டிரைவர் புரிந்துகொள்ள மூன்று நான்கு விநாடி ஆனால், 80 மீட்டர் போய்விட்டது. எனவே நான்கு இண்டிகேட்டர் விளக்கையும் எரியவிட்டு, ஒளிரும் முக்கோணத்தை நூறு மீட்டராவது பின்னால் வைத்துவிட்டு, குழந்தைகளையும் முதியவர்களையும் மற்றவர்களுக்கு முன்பாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் உட்கார வையுங்கள். பஸ்ஸின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காயம் பட்டிருந்தால் 108. முக்கோணம் இல்லாமல் மரக்கிளையும் கல்லும் வைத்திருந்தால், வண்டி கிளம்பும்போது அவற்றை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டே ஏறுங்கள். இரவில் அந்தக் கல்லில் ஏறி விழப்போவது பைக்கில் வருகிற யாரோ ஒருவர்.