96 ஆடு, ஒரு விளக்கு: மாசம் 10,000 ரூபாய் வர எவ்வளவு முதல் வேணும்?

"பத்தாவதோட அல்ஜீப்ராவை விட்டாச்சு, இப்ப எதுக்கு அது?"ன்னு நினைக்கிறீங்களா? அப்பா ரிட்டயர் ஆகும்போது கையில வர்ற 20 லட்சத்தை எங்க போடறதுன்னு வீட்ல உங்ககிட்டதான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கான பதில் ஒரு சின்ன சமன்பாட்டுக்குள்ள இருக்கு. பேனா, பேப்பர் எடுத்துக்கோங்க.

கல்வெட்டுல ஒரு கணக்கு

திருச்சியிலிருந்து சென்னை போற நெடுஞ்சாலையில, பெரம்பலூர் தாண்டினா வாலிகண்டபுரம். அங்க இருக்கிற வாலீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கோயில். அந்தக் காலத்துல கோயில்ல ஒரு விளக்கு அணையாம எரியணும்னா ஆடு கொடுக்கிற வழக்கம் இருந்துச்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல கணக்கு தெளிவா இருக்கு: ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய். சில ஊர்கள்ல 90 ஆடு.

இந்த ஆடுகளுக்குப் பேரு "சாவா மூவாப் பேராடு". அதாவது சாகாது, கிழடாகாது. நிஜ ஆடு சாகத்தானே செய்யும்? ஆனா குட்டி போடும். வளர்க்கிறவர் எண்ணிக்கையை எப்பவும் 96-ஆ வெச்சிருக்கணும். முதல் குறையக் கூடாது, வருமானம் மட்டும்தான் செலவுக்கு. இன்னைக்கு நாம பேசுற பாசிவ் இன்கம் இதுதான்.

பாடம் 1: விகிதம்

1 உழக்குக்கு 96 ஆடு. தினம் 1 நாழி நெய் வேணும்னா? 4 உழக்கு சேர்ந்தா 1 நாழி. அப்போ 96 × 4 = 384 ஆடு. தேவை நாலு மடங்கு ஆனா முதலும் நாலு மடங்கு. அவ்வளவுதான் விகிதம்.

பாடம் 2: தெரியாததுக்கு ஒரு பேரு வைங்க

அம்மா அப்பாவுக்கு மாசம் 10,000 வேணும். வருஷத்துக்கு 1,20,000. வட்டி 6%னு வெச்சுக்குவோம் (வரியை இப்போதைக்கு விட்ருவோம்). முதல் எவ்வளவுன்னு தெரியாது. அதை "மு"ன்னு எழுதுவோம்.

மு × 6 ÷ 100 = 1,20,000

"அந்தப் பக்கம் போனா பெருக்கல் வகுத்தலா மாறும்"னு மனப்பாடம் பண்ணதாலதான் நமக்கு இது மறந்துபோச்சு. நிஜத்துல எதுவும் எங்கேயும் போறதில்ல. சமன்பாடு ஒரு தராசு. ஒரு தட்டுல என்ன செய்றீங்களோ, அதையே மறு தட்டுலயும் செய்யணும். ரெண்டு பக்கமும் 100-ஆல பெருக்குங்க:

மு × 6 = 1,20,00,000

ரெண்டு பக்கமும் 6-ஆல வகுங்க:

மு = 20,00,000

20 லட்சம். சரியா வந்திருச்சு, முடிஞ்சுதுன்னு தோணும். முடியல.

பாடம் 3: விட்டுப்போன 4

ஆடு நெய்யாவே கொடுத்துச்சு. நெய் விலை ஏறினாலும் விளக்குக்கு அதே ஒரு உழக்குதான். நம்ம டெபாசிட் கொடுக்கிறது ரூபாய். விலைவாசி வருஷம் 4% ஏறுதுன்னு வைங்க (ரிசர்வ் வங்கியோட பணவீக்க இலக்கும் 4%தான்). இன்னைக்கு 10,000 ரூபாய்க்கு வாங்குறதை 10 வருஷம் கழிச்சு வாங்க சுமார் 14,800 வேணும். வட்டியோ அதே 10,000. எண்ணிக்கை குறையல, ஆனா ஆடு கிழடாகிடுச்சு!

ஆடு மூவாம இருக்கணும்னா 6-ல 4-ஐ முதலோடவே சேர்த்துட்டு, மீதி 2-ஐ மட்டும் செலவு பண்ணணும்.

மு × 2 ÷ 100 = 1,20,000
மு = 60,00,000

20 லட்சம் எங்க, 60 லட்சம் எங்க! பயப்படாதீங்க. கோயில் விளக்கு சந்திர சூரியர் உள்ளவரைக்கும் எரியணும். நம்ம வீட்டுத் தேவைக்கு ஒரு கால அளவு இருக்கு. அதனால முதலையும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். ஆனா தெரிஞ்சு, திட்டம் போட்டு எடுக்கணும். முதல் அப்படியே இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கும்போது அது கரையறதுதான் ஆபத்து.

பாடம் 4: வட்டி தெரியலன்னா?

"1 லட்சம் போடுங்க, மாசம் 5,000 தர்றோம்"னு ஒருத்தர் வர்றாரு. இப்ப தெரியாதது வட்டி. அதை "வ"ன்னு எழுதுங்க.

1,00,000 × வ ÷ 100 = 60,000
வ = 60

வருஷத்துக்கு 60%! நாம பார்த்த 6%-க்குப் பத்து மடங்கு. 96 ஆட்டைக் கொடுத்துட்டு தினம் பத்து உழக்கு நெய் எதிர்பார்க்கிற மாதிரி. அவ்வளவு நெய் வருதுன்னா ஒண்ணு உங்க ஆட்டையே வித்து நெய் வாங்கித் தர்றாங்க, இல்ல அடுத்தவன் ஆட்டை வித்துத் தர்றாங்க. எப்படியும் ஒருநாள் விளக்கு அணையும்.

வீட்டுப்பாடம்

வட்டி 7%, விலைவாசி 5%, கையில இருக்கிறது 15 லட்சம். முதலோட மதிப்பு குறையாம மாசம் எவ்வளவு எடுக்கலாம்? போட்டுப் பார்த்துட்டு விடையைச் சரிபாருங்க: 2,500 ரூபாய். முதலைத் திட்டம் போட்டு எப்படி எடுக்கிறதுங்கிற கணக்கை அடுத்த வீடியோல பார்ப்போம். அதுக்குள்ள வீட்ல இருக்கிற டெபாசிட் ரசீதை எடுத்து, அதுல இருக்கிற வட்டியை வெச்சு மூணாவது பாடத்தை ஒருமுறை போட்டுப் பாருங்க.