காற்றாடி கட்டிக் கடலில் சறுக்கப் போகிறீர்களா?

சம்பா அறுவடை முடிந்த கையோடு குடும்பமாக ராமேசுவரம் புறப்பட இருந்த ஒரு தகப்பனார், மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கும்பகோணம் பக்கம் கிராமம். கோயிலும் தீர்த்தமும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு ஆசை 'கைட் சர்ஃபிங்' மேல்.

"வைத்தியரே, பையனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிடறான், அப்புறம் வரவே இல்லை. அதை நிறுத்திட்டு உங்க மருந்தைக் கொடுத்துடுங்களேன். அங்கே சொல்லிக் கொடுக்கறவங்ககிட்டே இதெல்லாம் சொல்லணுமா என்ன?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், விளையாட்டு என்ன என்று தெரிந்துகொள்வோம்.

இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகள். கயிற்றின் முனையில் ஆளைத் தூக்குமளவு பெரிய காற்றாடி. காலில் பலகை. காற்று இழுக்க, தண்ணீர்மேல் சறுக்கிப் போக வேண்டியதுதான். வசதியுள்ளவர்கள் இதற்காக மத்தியதரைக்கடலில் சிசிலித் தீவுக்குப் போகிறார்கள். அங்கே மார்சாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த உப்பங்கழி இருக்கிறது. இலங்கையில் கற்பிட்டி இதற்குப் பேர்போனது. நமக்கு அவ்வளவு தூரம் எதற்கு? பாம்பன் தீவிலேயே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபோது விட்ட தாம்பரம் ரயில், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகத்தான் ராமேசுவரம் போகிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று ஒரு பருவம். மார்கழியிலிருந்து மாசி வரை வடகிழக்குக் காற்று இன்னொரு பருவம். காற்று எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் என்பது முக்கியம். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்றில் புதியவர்கள் இறங்கவே கூடாது. கயிறு அறுந்தால் அது ஆளைக் கரைக்குக் கொண்டுவராது, நடுக்கடலுக்குத்தான் கொண்டுபோகும். சொல்லித்தருபவர் இல்லாமல், மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் இல்லாமல், காற்றாடியைச் சட்டென்று விடுவிக்கும் பிடியைப் பழகாமல் இறங்க வேண்டாம். "குடமுருட்டியில் குதிச்சு வளர்ந்தவன் சார் நான்" என்று மார்தட்டும் இளைஞர்களுக்கும் இதேதான். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கரை உண்டு. தனுஷ்கோடியில் நீரோட்டம் பொல்லாதது. அங்கே குளிக்கவே நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி உடம்பு. எண்ணெய் முழுக்கைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையக் கூடாது என்பது நம் முறை. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டால் வெயில் தாக்காது என்று சிலர் நம்புகிறார்கள். தாக்கும். போதாததற்குப் பிடியும் வழுக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். மூக்கிலும் காதுமடலிலும் வெள்ளையாகப் பூசும் துத்தநாகக் களிம்பு நல்லது. கடலில் இருக்கும்போது வியர்ப்பதே தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், இடையில் பானகமோ நன்னாரி சர்பத்தோ குடியுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பானகம் வேண்டாம், நீர்மோர் போதும். அவர்கள் மணலில் வெறுங்காலோடு நடப்பதும் ஆகாது. கால் மரத்திருந்தால் சிப்பி கிழித்ததுகூடத் தெரியாது. பத்து நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். படகில் குமட்டல் வருகிறவர்கள் சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளலாம். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள். பாட்டி சொன்னாள் என்று காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள்.

சொறிமீன் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கை படாமல் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைத்திருங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு அடைத்தாலோ 108 தான். பச்சிலை தேடி ஓட வேண்டாம். தனுர்வாத ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கிளம்புமுன்பே பாருங்கள்.

இப்போது அந்தப் பையன் விஷயம். வல்லாரை, நீர்ப்பிரமி எல்லாம் நான் படித்ததும் உண்டு, கொடுப்பதும் உண்டு. ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்லும் வைத்தியர் சித்த வைத்தியராயிருந்தாலும் சரி, வேறு யாராயிருந்தாலும் சரி, அவரிடம் போகாதீர்கள். நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். வீட்டுக் கூடத்தில் ஒரு நிமிடம் வந்து போகிற வலிப்பு, கடலில் வந்தால் ஆளே போய்விடுவான். இதைச் சொல்லித்தருபவரிடம் மறைப்பது, காப்பாற்ற வேண்டியவரின் கண்ணைக் கட்டுவது போல.

"டாக்டர்கிட்டே மறுபடி காட்டுங்க. நரம்பு வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அப்புறம் பார்க்கலாம். அதுவரை முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம்" என்றேன். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பையன்தான் முதலில் நிமிர்ந்தான். "இந்தத் தடவை அக்கா போகட்டும்ப்பா. நான் கரையில நின்னு படம் எடுக்கறேன்" என்றான்.

அவனுக்கு இன்னும் இரண்டு சொன்னேன். ராத்திரிப் பயணத்தில் தூக்கம் கெட்டால் அதுவே வலிப்பைக் கிளப்பும். ஆகவே போய்ச் சேர்ந்த அன்று நன்றாகத் தூங்கிவிட்டு மறுநாள் வெளியே கிளம்பு. மாத்திரையை அம்மாவின் பெரிய பெட்டிக்குள் வைக்காதே, உன் சட்டைப்பையில் வைத்துக்கொள். நாலு நாளைக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்.