மழைக்கு முன் படிக்க வேண்டிய பத்திரம்: வட சிலாங்கூர் முகாம் தள உரிமையாளர்களுக்கான பருவகால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை என்றதும் கிளந்தானும் திரங்கானுவும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் மேற்குக் கரையோரத்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரங்களில் மழை வலுக்கத் தொடங்குவது அதற்கு முந்தைய இடைப்பருவமான அக்டோபரிலேயே. பிற்பகல்தோறும் இடியோடு கொட்டும் அந்த மழை மண்ணை ஊற வைத்த பிறகே நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் பருவக்காற்று வந்து சேர்கிறது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் இக்காலத்தையொட்டியே வருவதால், கூடாரங்களும் கேரவன்களும் நிறைந்திருக்கும் நாள்களும் நிலம் மிகவும் நலிந்திருக்கும் நாள்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே வட சிலாங்கூரில் முகாம் தளமோ கேரவன் நிறுத்தமோ நடத்துவோர் தங்கள் காப்புறுதிப் பத்திரத்தை ஐப்பசி முடிவதற்குள் எடுத்து, அதன் விலக்குகள் உட்பட வரி வரியாகப் படித்து, குறைகளைத் திருத்திக்கொள்வது இப்போதைய முதல் வேலையாகும். வெள்ள எச்சரிக்கை வெளியான பிறகு புதிதாக வெள்ளக் காப்பு கேட்பவருக்கு எந்த நிறுவனமும் எளிதில் இசைவதில்லை, ஏனெனில் காப்புறுதி என்பது நிகழக்கூடியதை முன்னிட்டுச் செய்யப்படும் ஒப்பந்தமே தவிர, நிகழத் தொடங்கிவிட்டதை முன்னிட்டுச் செய்யப்படுவதன்று.

இந்த எச்சரிக்கைக்கான காரணத்தை வெகுதொலைவில் தேட வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலையில், உலு சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் காலியில், கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையோரத்துப் பண்ணையொன்றின் முகாம் தளத்தில் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது சரிவு இடிந்து இறங்கியதில், குழந்தைகள் பலர் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். 61 பேர் உயிர் தப்பினர். அவ்விடத்திற்கு வேளாண் பண்ணை நடத்த அனுமதி இருந்தபோதிலும் முகாம் தளம் நடத்துவதற்கான உரிமம் இருக்கவில்லை என்பதை அரசாங்கம் அடுத்த சில நாள்களிலேயே வெளிப்படுத்தியது. ஆறு, அருவி, மலைச்சரிவு ஆகியவற்றை ஒட்டிய ஆபத்து மிகுந்த முகாம் தளங்கள் நாடு முழுவதும் ஒரு வாரத்திற்கு மூடப்பட வேண்டும் என்ற உத்தரவும் பிறந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2021 டிசம்பர் நடுப்பகுதியில் பெய்த பெருமழை சிலாங்கூரை மூழ்கடித்தது. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் நிகழ்ந்த வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணித்தது, அதில் ஏறத்தாழ பாதி, அதாவது 310 கோடி ரிங்கிட், சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தது. உரிமம், வெள்ளம், சரிவு ஆகிய மூன்றும் ஒரு முகாம் தளத்தின் காப்புறுதியை எப்படித் தாங்கவோ குலைக்கவோ செய்கின்றன என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

முதலில் நிலத்தின் தகுதியைப் பார்க்க வேண்டும். இவ்வட்டாரம் தோட்ட நிலம். நாட்டில் செம்பனை வணிக அளவில் முதன்முதலாக 1917இல் நடப்பட்டதே பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான். ஆகவே இங்குள்ள சிறு தோட்டங்களும் பழத்தோப்புகளும் நிலப்பட்டாவில் பெரும்பாலும் வேளாண் வகையைச் சேர்ந்தவையாகவே பதிவாகியிருக்கின்றன. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என்று வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் உரிய பயன்பாட்டு நிபந்தனைகளை விதிக்கிறது. அந்நிபந்தனையை மாற்ற விரும்புவோர் நில அலுவலகத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். அதோடு, கட்டணம் வாங்கி விருந்தினரைத் தங்க வைப்பதற்கு ஊராட்சி மன்றத்தின் வணிக உரிமமும் தேவை. ஈஜோக்கைப் பொறுத்தவரை அது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம்.

இவற்றுக்கும் காப்புறுதிக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை, இந்த ஆலோசனையில் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியதும் அதுவே. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, தனிநபர் தேவைக்காகக் காப்புறுதி வாங்குபவரையும் தொழிலுக்காக வாங்குபவரையும் வேறுபடுத்துகிறது. முன்னவர், தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் அளித்தால் போதும். பின்னவரோ, கேட்கப்படாவிட்டாலும்கூட, காப்புறுதி நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கக்கூடியது என்று தமக்குத் தெரிந்த எதையும் தாமாகவே முன்வந்து தெரிவிக்க வேண்டும். இதற்கு வெளிப்படுத்தும் கடமை என்று பெயர். வீட்டுக்கென்று எடுத்த பத்திரத்தையோ, பழத்தோப்புக் கொட்டகைக்கென்று எடுத்த பத்திரத்தையோ நம்பிக்கொண்டு வார இறுதியில் கூடாரம் வாடகைக்கு விடுபவர் இக்கடமையை மீறியவராகக் கருதப்படலாம். அவர் பல ஆண்டுகள் ஒழுங்காகச் சந்தா கட்டி வந்திருந்தாலும், இழப்பு நேர்ந்த நாளில் பத்திரத்தை ரத்து செய்யவோ தொகையைக் குறைக்கவோ நிறுவனத்துக்கு அது வழி திறந்துவிடுகிறது. உரிமம் இல்லாத உண்மையை மறைத்து வாங்கிய பத்திரம் பெட்டியில் இருப்பது, பத்திரமே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது உரிமையாளரை ஏமாற்றுவதோடு, அவரை நம்பித் தங்க வரும் குடும்பத்தையும் ஏமாற்றுகிறது. உரிமம் இன்னும் கைக்கு வராதவர்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முகவரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்து மூலமே பெற வேண்டும். உரிமம் கிடைக்கும்வரை விருந்தினரை ஏற்காதிருப்பதே நேர்மையான வழி.

அடுத்தது சொத்துக் காப்பு. மலேசியாவில் வழங்கும் அடிப்படைத் தீக்காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகிய சிலவற்றை மட்டுமே தாங்கும். வெள்ளம், புயற்காற்று, மண்சரிவு, மரம் விழுதல் ஆகியவற்றுக்குக் கூடுதல் சந்தா செலுத்தி ஒவ்வொன்றையும் தனித்தனி இணைப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியான ஈஜோக்கில் மலைச்சரிவு அரிது என்று எண்ணி அந்த இணைப்பை விட்டுவிடுவோர், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஓரமும் சிலாங்கூர் ஆற்றின் கரையும் மழையில் உள்வாங்கக்கூடியவை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு: மண் இறங்குதலுக்கும் சரிவுக்கும் காப்பளிக்கும் பல பத்திரங்கள், ஆற்று அரிப்பையும் கடல் அரிப்பையும் நிரப்பு மண் இயல்பாகப் படிவதையும் வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன. ஆகவே ஆற்றங்கரையில் கூடார மேடை அமைத்திருப்பவர், அந்த மேடை இடிந்தால் பத்திரம் கைகொடுக்குமா என்ற ஒரே கேள்வியை முகவரிடம் நேரடியாகக் கேட்டு, எழுத்தில் விடை பெறுவது நல்லது. புயற்காற்று இணைப்பிலும் இதே போன்ற பொறி உள்ளது. வெளிப்புறப் பந்தல், விதானம், பெயர்ப்பலகை, வேலி முதலியவை வழக்கமாக அதிலிருந்து விலக்கப்படுவதால், மெத்தையும் மின்விசிறியும் வைத்து ஆடம்பரமாக அமைக்கப்பட்ட துணிக்கூடாரங்கள் கட்டடமாகக் கருதப்படுமா, விதானமாகக் கருதப்படுமா என்பது பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட வேண்டும். சக்கரம் கழற்றி நிரந்தரமாக நிறுத்தி அறையாக வாடகைக்கு விடப்படும் கேரவனும் அவ்வாறே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும், ஏனெனில் சாலையில் ஓடாத அதற்கு மோட்டார் காப்புறுதி கைகொடுப்பது ஐயத்திற்குரியது.

புதர், லாலான் தீ என்ற இணைப்பு தனியாகவே இருப்பது வெளியூரார்க்கு வியப்பளிக்கலாம். ராஜா மூசா வனக்காப்பகத்தின் கரிமண் வறண்ட மாதங்களில் நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே எரிவதைக் கண்ட வட சிலாங்கூர் மக்களுக்கு அதில் வியப்பில்லை. மழைக்காலம் முடிந்ததும் வறட்சி தொடரும் என்பதால், ஓராண்டுப் பத்திரத்தில் அதையும் இப்போதே சேர்த்துவிடலாம்.

காப்புத் தொகையைக் குறைத்துக் காட்டிச் சந்தாவை மிச்சப்படுத்துவது இழப்பில் முடியும். சராசரி விதி எனப்படும் நிபந்தனையின்படி, 2,00,000 ரிங்கிட் மதிப்புள்ள சொத்தை 1,00,000 ரிங்கிட்டுக்கு மட்டும் காப்புறுதி செய்தவருக்கு 40,000 ரிங்கிட் சேதம் நேர்ந்தால், மதிப்பில் பாதிக்கே காப்பு இருந்ததால் இழப்பீடும் பாதியாகி 20,000 ரிங்கிட் மட்டுமே கிடைக்கும். அதிலிருந்தும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை கழிக்கப்படும். மரப்பலகை, துத்தநாகத் தகடு, கூலி ஆகியவற்றின் விலை ஏறியிருப்பதால் முந்தைய ஆண்டின் மதிப்பீட்டை அப்படியே நீட்டிக்கக் கூடாது.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது விருந்தினருக்கோ மூன்றாம் தரப்பினருக்கோ உரிமையாளரின் கவனக்குறைவால் காயமோ சேதமோ நேர்ந்து அவர் சட்டப்படி ஈடு செய்ய வேண்டிய நிலை வந்தால் அத்தொகையையும் வழக்குச் செலவையும் ஏற்கும் காப்பு, முகாம் தளத்துக்கு மிகவும் இன்றியமையாதது. சிறு தளங்கள் பெரும்பாலும் தவறவிடக்கூடியதும் இதுவே. இதில் ஒரு நிகழ்வுக்கான உச்சவரம்பையும் காப்புக்காலம் முழுவதற்குமான உச்சவரம்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பத்தாங் காலியில் ஒரே இரவில், ஒரே நிகழ்வில் 31 உயிர்கள் போயின என்பதை நினைவில் கொள்பவர், ஒரு கூடாரத்தில் ஒருவர் வழுக்கி விழுவதை மட்டும் மனத்தில் வைத்து வரம்பைத் தேர்ந்தெடுக்க மாட்டார். ஆற்றுக்குளியல், படகு, கயிற்றுவழிச் சறுக்கல், நான்கு சக்கர மோட்டார் வண்டி போன்றவை பல பத்திரங்களில் விலக்கப்பட்டிருக்கும். தளத்தில் உணவு சமைத்து விற்பவர் உணவு நச்சுக்கான இணைப்பையும் கேட்க வேண்டும். விருந்தினரின் கார் உரிமையாளரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்பட்டால் அதுவும் வழக்கமாக விலக்குக்குள் வந்துவிடும், விருந்தினரின் சொந்த மோட்டார் காப்புறுதியிலோ வெள்ளம் தனி இணைப்பாக வாங்கப்பட்டிருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். எனவே வாகன நிறுத்தத்தைத் தளத்தின் மேடான பகுதிக்கு மாற்றுவது இருவருக்குமே நன்மை தரும்.

"நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையை நுழைவாயிலில் தொங்கவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2018 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கிக்கடன் வழக்கில், ஒரு தரப்பின் வழக்காடும் உரிமையை முற்றாகப் பறிக்கும் ஒப்பந்த வாசகம் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கு முகாம் தளத்தைப் பற்றியதன்று என்றாலும், பலகையில் எழுதிய வாசகத்தைக் காப்பாக நம்புவோர் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். உயிரைப் பாதுகாக்கும் கடமையைப் பலகையால் கைகழுவ முயல்வது அறத்தின்படியும் ஏற்கத்தக்கதன்று.

பணியாளர்கள் பொதுப் பொறுப்புக் காப்பில் அடங்கார். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி அவரைச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிய வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அதன் விபத்துக் காப்பு விரிவுபடுத்தப்பட்டுள்ளது. விடுமுறைக்காலத்தில் உதவிக்கு வரும் தோட்டத்து இளைஞர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் வேலை செய்வது உடனே நிறுத்தப்பட வேண்டிய வழக்கம்.

வருமான இழப்புக் காப்பு வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அக்காப்பு பொதுவாகத் தளத்தின் சொத்துக்கு நேர்ந்த, காப்பு பெற்ற சேதத்தை அடிப்படையாகக் கொண்டே இயங்கும். 2022இல் நடந்ததுபோல அரசாங்க உத்தரவால் தளம் மூடப்பட்டு, தளத்தில் ஒரு கம்பம்கூடச் சாயாதிருந்தால், முன்பதிவுகளைத் திருப்பிக் கொடுக்கும் செலவு உரிமையாளரையே சேரும். அத்தகைய ஒரு வாரத்தைச் சமாளிக்கத் தனியாகச் சேமிப்பு ஒதுக்கி வைப்பதே வழி.

இவ்வளவையும் சரிபார்த்த பின், நாள்தோறும் செய்ய வேண்டிய பதிவு ஒன்று உள்ளது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று படிகளாக வெளியிடுகிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டத்தை நிலையம் வாரியாக இணையத்தில் காட்டுகிறது. ஜெராம், தஞ்சோங் காராங் கடலோரத்தில் அலை ஏற்ற அட்டவணையும் இதனோடு சேர வேண்டும், ஏனெனில் பெரிய ஏற்றத்தின்போது ஆற்றுநீர் கடலில் வடிய வழியின்றித் தேங்குகிறது. எந்த நிலையில் முன்பதிவு நிறுத்தப்படும், எந்த நிலையில் விருந்தினர் வெளியேற்றப்படுவர், இரவில் விழித்திருப்பவர் யார் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைத்து, ஒவ்வொரு நாளின் எச்சரிக்கையையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும் குறிப்பேட்டில் பதிந்தால், உயிர்கள் காக்கப்படுவதோடு, உரிமையாளர் நியாயமான கவனம் செலுத்தினார் என்பதற்கு நீதிமன்றத்திலும் காப்புறுதி நிறுவனத்திடமும் சான்று கிடைக்கும். கூடாரம், மின்னாக்கி, சமையற்கூடம், கழிவறை ஆகிய அனைத்தையும் இப்போதே தேதியோடு படம் எடுத்து, கொள்முதல் ரசீதுகளோடு தளத்துக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தாவைக் கட்டியாயிற்றா என்பதையும் பார்க்க வேண்டும். தொழிற் காப்புறுதிப் பத்திரங்களில் சந்தா உறுதிமொழி என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறும். அதன்படி காப்புத் தொடங்கிய 60 நாள்களுக்குள் பணம் சேராவிட்டால் பத்திரம் தானாகவே ரத்தாகிவிடும். அக்டோபர் தொடக்கத்தில் புதுப்பித்துவிட்டுப் பணத்தைத் தள்ளிப்போட்டவருக்கு அந்தக் கெடு டிசம்பர் தொடக்கத்தையொட்டி, மழையின் நடுவே முடியும்.

சேதம் நேர்ந்துவிட்டால் நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, இழப்பை அளவிட அது அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருள்களை எறியாமல் வைத்திருக்க வேண்டும். சேதம் மேலும் பரவாமல் தடுக்கும் வேலைகளைப் படம் எடுத்த பிறகு செய்யலாம். விருந்தினர் தரப்பிலிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால், பொறுப்பை ஒப்புக்கொண்டோ தொகை பேசியோ பதில் எழுதாமல் கடிதத்தை நிறுவனத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். துயருற்ற குடும்பத்துக்கு ஆறுதலும் உதவியும் அளிப்பதை எந்தப் பத்திரமும் தடுப்பதில்லை. இழப்பீடு மறுக்கப்பட்டு, நிறுவனத்தின் இறுதி முடிவும் எழுத்தில் வந்துவிட்டால், அந்நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடலாம். முன்பு தனித்தனியாக இயங்கிய இரு அமைப்புகள் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் செயற்படும் இந்த அமைப்பு, நுண், சிறு தொழில் நடத்துவோரின் காப்புறுதி, தக்காஃபுல் முறையீடுகளையும் 2,50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது.